மறுக்கவும் இல்லை, சம்மதிக்கவும் இல்லை

நகராட்சி வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் தங்களுக்குள் வீட்டை மாற்றிக்கொள்ளலாம். ஹார்ஸ்டன் நகரத்தில் இது பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் நம்புவதில்லை. ஆனால் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. என் வீட்டுக்கு நீ, உன் வீட்டுக்கு நான். ஏன் எதற்கு என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. நகராட்சியிடம் முன்கூட்டி எழுதிச் சம்மதம் கேட்டால் போதும். நகராட்சி மறுக்கலாம், ஆனால் இஷ்டத்துக்கு மறுக்க முடியாது. வீடு உனக்கு மிகப் பெரியது, மிகச் சிறியது, உன்னைக் காலிசெய்யச் சொல்லி ஏற்கெனவே நீதிமன்ற உத்தரவு இருக்கிறது என்று மறுப்பதற்கான காரணங்களையும் சட்டமே வரிசைபோட்டு வைத்திருக்கிறது. அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆறு வாரத்துக்குள் மறுத்தாக வேண்டும். ஆறு வாரம் தாண்டிவிட்டால் அந்தக் காரணங்கள் எதையும் நகராட்சி தொடக்கூடாது.

கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்து பார்த்தால் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு சுற்றுவது தெரியும் அல்லவா, அப்படி நேர்த்தியாகச் செய்யப்பட்ட சட்டம் இது. ஒரே ஒரு பல் மட்டும் அதில் இல்லை. எந்த இடத்தில் இல்லை என்பதை க்ளெனிஸ் ஹாவொர்த் தன் முழங்கால்களைக் கொண்டு கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

க்ளெனிஸ் ஒரு பள்ளிக்கூடத்தின் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். சிமெண்ட் தரையில் நின்றபடி மூன்று தலைமுறைப் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்துப் போட்டதில் இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. லார்க்ஃபீல்டு கட்டடத்தில் நாலாவது மாடியில், பதினாறாம் எண் வீட்டில் இருந்தாள். லிப்ட் ஓடிக்கொண்டிருந்தவரை மாடி ஒரு பொருட்டே இல்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு பூங்கா. அங்கே வெட்டிச் சீவிய புல்தரையில் கனமான மரப்பந்தை உருட்டி விளையாடுவார்கள். பெண்கள் அணிக்கு அவள்தான் தலைவி. ஈஸ்டருக்கு முந்தைய வாரம் லிப்ட் நின்றது. அதற்கப்புறம் ஒரே ஒரு தடவை படியில் இறங்கிப் போனாள். திரும்பி வரும்போது இரண்டாவது மாடியில் முழங்கால் பூட்டிக்கொண்டது. தரைத்தளத்து நாரிஸ் நாற்காலி கொண்டுவந்து உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, ஒவ்வொரு படியாகத் தள்ளாத குறையாக மேலே சேர்த்தார். அன்றிலிருந்து அவள் கீழே இறங்கவில்லை. சமையலறை ஜன்னலில் எட்டிப் பார்த்தால் பூங்காவின் ஒரு மூலை தெரியும். அந்த மூலையில் மியூரியல் என்ற பெண் க்ளெனிஸின் இடத்தில் நின்று பந்தை உருட்டுவாள். பந்து எப்போதும் இடப்பக்கம் அகன்றுதான் போகும். அதைத் தினமும் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது முழங்கால் வலியைவிட மோசமாக இருந்தது.

நகராட்சியின் வீட்டு வசதித் துறைக்கு அப்போது வேறு பெயர் வைத்திருந்தார்கள். வாடகை, குடித்தனம் போன்ற சொற்கள் மனத்தைப் புண்படுத்துகின்றன என்று யாரோ ஆய்வு செய்து சொன்னதால் துறைக்கு ‘இல்லப் பயணங்கள்’ என்று பெயர் மாற்றப்பட்டிருந்தது. வாடகைக்கு இருப்பவர்கள் ‘பயணத் துணைவர்கள்’. வாடகை பாக்கி ‘பயணத் தாமதம்’. வீட்டைவிட்டு வெளியேற்றுவது ‘பயண நிறைவு’. லிப்ட் பற்றி க்ளெனிஸ் தொலைபேசியில் கேட்டபோதெல்லாம், ஒரு பாகம் ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். அந்தப் பாகமும் ஒரு பயணத் துணைவர்தான் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

நாரிஸ் டல்லக் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். எண் இரண்டு, க்ளெனிஸின் ஜன்னலுக்கு நேர் கீழே. அவர் ஒரு யோசனை செய்தார். தரை துடைக்கும் சிவப்பு வாளியில் துணி உலர்த்தும் கயிற்றைக் கட்டி அவள் ஜன்னலிலிருந்து இறக்கச் சொன்னார். ரொட்டி, பால், செய்தித்தாள் எல்லாம் அதில் ஏறின. வெள்ளிக்கிழமைகளில் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் வினிகர் மணத்தோடு மேலே போகும்போது ஒவ்வொரு மாடியிலும் ஒரு ஜன்னல் திறக்கும்.

லிப்ட்டைப் பார்க்க யாரும் வரவில்லை. வாளியைப் பார்க்க மூன்றே நாளில் இரண்டு பேர் தலைக்கவசம் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

அனுமதியில்லாமல் தூக்குசாதனம் நிறுவியது குற்றம் என்றார்கள். க்ளெனிஸ் அவர்களுக்குத் தேநீர் கொடுத்து, சாக்லேட் பிஸ்கட் தட்டையும் நகர்த்திவைத்தாள். குற்றத்தைப் போக்க வழி உண்டா என்று கேட்டாள். உண்டு, பரிசோதித்துச் சான்று தரலாம் என்றார்கள். நல்லவர்கள். எடைக்கற்களைத் தொங்கவிட்டார்கள், கயிற்றை இழுத்துப் பார்த்தார்கள், கைப்பிடியைத் தட்டிப் பார்த்தார்கள். கடைசியில் வாளியின் பக்கவாட்டில் ஒரு மஞ்சள் முத்திரை ஒட்டினார்கள். சரக்கு: நாலு கிலோ. ஆட்கள்: பூஜ்ஜியம்.

இங்கே கணிப்பொறி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வருவதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. ஒவ்வொரு கட்டடத்தையும் பற்றி நகராட்சிக் கணிப்பொறி ஒரே ஒரு கேள்விதான் கேட்கும்: இந்தக் கட்டடத்தில் சான்று பெற்று இயங்கும் லிப்ட் இருக்கிறதா, இல்லையா. தலைக்கவசக்காரர்கள் வாளியின் சான்றைப் பதிவு செய்தார்கள். கணிப்பொறித் திரையில் லார்க்ஃபீல்டு என்ற பெயருக்கு எதிரே எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கு பச்சையானது. பச்சையானதும் பெரிய லிப்ட்டின் பழுது வேலை தானாகவே ரத்தானது. அன்று மாலை க்ளெனிஸின் கைபேசிக்குத் தகவல் வந்தது. உங்கள் லிப்ட் சரியாகிவிட்டது. எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்? நட்சத்திரங்களில் சொல்லுங்கள்.

வீட்டை மாற்றிக்கொள்ளும் யோசனையும் நாரிஸுடையதுதான். அவருக்கு அதில் சொந்த ஆசையும் இருந்தது. அவர் வீட்டில் ஒரு வானொலிக் கருவி வைத்திருந்தார். உலகம் முழுக்க அதேபோல் கருவி வைத்திருப்பவர்களோடு பேசுவது அவருடைய பொழுதுபோக்கு. ஆனால் தரைத்தளத்திலிருந்து அலை எங்கேயும் எழும்புவதில்லை.

“எதிர்த்தாப்ல கறிக்கடை வரைக்கும்தான் கேக்குது, க்ளெனிஸ்” என்றார். “அவன்கிட்ட பேச எனக்கு ரேடியோ எதுக்கு, ஜன்னலைத் திறந்தா போதாதா? உன் மாடியில கம்பியைக் கட்டினா ஐஸ்லாந்தே பேசும்.”

“ஐஸ்லாந்துக்காரன்கிட்ட என்னத்தப் பேசுவ?”

“அங்க குளிரான்னு கேப்பேன்.”

இரண்டு வீடும் அச்சில் வார்த்தது போல ஒன்று. ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, ஒரே மாதிரி ஈரம் கசியும் குளியலறை. வாடகையும் ஒன்று. இருவரும் விண்ணப்பம் எழுதிப் போட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து க்றிஸ்பின் யார்ட்லி வந்தார். இல்லப் பயண ஒருங்கிணைப்பாளர். முப்பது வயது இருக்கும். பளபளப்பான காலணி, கையில் தட்டைக் கணினி. கெட்ட மனிதர் இல்லை. யாருக்கும் கெடுதல் செய்யக்கூடாது என்ற பயத்திலேயே எதையும் செய்யாமல் இருக்கக் கற்றுக்கொண்டவர். நாலு மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, கணினியைப் பார்த்துவிட்டு, இந்தக் கட்டடத்தில் லிப்ட் நன்றாக ஓடுகிறது என்று பதிவு சொல்வதால் மாடி இறங்கும் அவசரம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை என்றார்.

“நீங்க எப்படி வந்தீங்க கண்ணு?” என்று க்ளெனிஸ் கேட்டாள்.

“படியில.”

“ஏன், லிப்ட்ல வர்றதுதானே?”

யார்ட்லி ஜன்னல் பக்கம் பார்த்தார். வாளி மஞ்சள் முத்திரையோடு கொக்கியில் தொங்கியது. அவர் புன்னகைத்தார். அவருடைய பயிற்சியில், பதில் இல்லாத இடங்களில் புன்னகைக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அடுத்ததாக அக்கம்பக்க அறிமுகம் நடக்க வேண்டும் என்றார். வீடு மாறுகிறவர்கள் புதிய சுற்றுப்புறத்தைத் தெரிந்துகொள்ளாமல் மாறிவிட்டு, பிறகு வருத்தப்படுகிறார்களாம். அதனால் பேருந்து நிறுத்தம், மருந்துக்கடை, குப்பைத் தொட்டி எல்லாம் புது வீட்டிலிருந்து எங்கே இருக்கின்றன என்று அலுவலர் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். க்ளெனிஸ் இதே கட்டடத்தில் பத்தொன்பது வருஷமாக இருப்பதாகச் சொன்னாள். அது பழைய வீட்டின் சுற்றுப்புறம் என்று யார்ட்லி விளக்கினார். அவளால் இறங்க முடியாததால் அவளை ஜன்னலருகே நிறுத்தி விரலால் சுட்டிக்காட்டினார். அதோ பேருந்து நிறுத்தம். அதோ பூங்கா.

“பார்க்கு தெரியும் கண்ணு” என்றாள் க்ளெனிஸ். “அங்க இடது பக்கமா பந்தை விடுறா பாருங்க, அவளையும் தெரியும்.”

யார்ட்லி குறித்துக்கொண்டார்: பயணத் துணைவர் புதிய சுற்றுப்புறத்தில் ஏற்கெனவே உறவுகளை வளர்த்திருக்கிறார்.

நாரிஸை அழைத்துப்போவது சுலபமாக இருந்தது. யார்ட்லி அவரைக் கட்டடத்தைச் சுற்றி ஒரு நடை நடத்தி, அவருடைய சொந்த வாசலின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, இது தரைத்தளம், உங்கள் புது வீட்டிலிருந்து இங்கே வர நாலு மாடி இறங்க வேண்டும் என்றார். நாரிஸ் நன்றி சொன்னார்.

அதற்கப்புறம் எதுவும் வரவில்லை. மூன்றாவது வாரம், நாலாவது, ஐந்தாவது. க்ளெனிஸ் ஜன்னலில் உட்கார்ந்து மியூரியலைப் பார்த்தாள். ஆறாவது வாரம் முடிந்தது. ஏழாவது வாரத் தொடக்கத்தில் நாரிஸ் நூலகத்திலிருந்து ஒரு துண்டுப் பிரசுரத்தோடு வந்தார். ஆறு வாரத்துக்குள் மறுக்காவிட்டால் அப்புறம் மறுக்க முடியாது என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது.

“மறுக்க முடியாதுன்னா சம்மதம்தானே?” என்றார் நாரிஸ்.

யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். பேசாமல் இருப்பவர் ஒப்புக்கொண்டார் என்று எடுத்துக்கொள்வது மனிதர்களுக்குள் வழக்கம். நகராட்சியும் மனிதர்களால் ஆனது என்று அவர்கள் நம்பியதுதான் தவறு.

சனிக்கிழமை காலை வீடு மாற்றினார்கள். கட்டடமே உதவிக்கு வந்தது. கட்டில்கள் படியில் எதிரெதிரே சந்தித்துக்கொண்டன. இரண்டாவது மாடித் திருப்பத்தில் க்ளெனிஸின் சோபா சிக்கிக்கொள்ள, மேலிருந்து வந்தவர்களும் கீழிருந்து வந்தவர்களும் ஒரு மணிநேரம் தள்ளிக்கொண்டு நின்றார்கள். கடைசியாக க்ளெனிஸ் இறங்கினாள். ஒவ்வொரு மாடியிலும் ஒரு வீட்டார் நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். பிற்பகல் அவள் இரண்டாம் எண் வீட்டின் கதவைத் திறந்து, ஒரு படிகூட இல்லாமல் நேராகத் தெருவில் கால் வைத்தாள். கொஞ்சநேரம் அங்கேயே நின்றாள். பிறகு மரப்பந்துகள் இருந்த பையை எடுத்துக்கொண்டு பூங்காவுக்கு நடந்தாள். மியூரியல் மரியாதையாக ஒதுங்கி இடம் கொடுத்தாள்; இடப்பக்கமாக.

அன்று மாலை நாலாவது மாடியில் நாரிஸுக்கு ஐஸ்லாந்து கிடைத்தது. அங்கே குளிர்தான்.

வாளி இப்போது மறுதிசையில் ஓடியது. க்ளெனிஸ் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்டு அனுப்புவாள். நாரிஸ் அதை மேலே இழுத்துக்கொள்வார். பதினைந்து நாள் இப்படிப் போனது. பிறகு இரு வீட்டுக்கும் நீல உறையில் ஒரே மாதிரி கடிதம் வந்தது. மேலே பலூன் படம். ‘உங்கள் பயணம் நிறைவடைகிறது.’

க்ளெனிஸ் முதலில் அதை வாழ்த்து என்று நினைத்தாள். இரண்டாவது பத்தியில்தான் விஷயம் இருந்தது. நகராட்சியின் சம்மதம் இல்லாமல் வீட்டை விட்டுப் போனதால் அவள் பதினாறாம் எண் வீட்டின் மீதான உரிமையை இழந்துவிட்டாள். இரண்டாம் எண் வீட்டின் மீது அவளுக்கு எப்போதும் உரிமை இருந்ததில்லை. ஆகவே இரண்டிலிருந்தும் வெளியேற வேண்டும். நாரிஸின் கடிதத்திலும் அதேதான்; எண்கள் மட்டும் இடம் மாறியிருந்தன.

யார்ட்லி விளக்கம் சொல்ல இரண்டாம் எண் வீட்டுக்கு நேரில் வந்தார்; நாரிஸும் இறங்கி வந்திருந்தார். தரைத்தளம் என்பதால் இந்தத் தடவை மூச்சு வாங்கவில்லை.

“நீங்கதான் மறுக்கலையே” என்றார் நாரிஸ்.

“மறுக்கவே இல்ல சார். மறுக்கவும் முடியாது, ஆறு வாரம் தாண்டிடுச்சு. ஆனா நாங்க சம்மதிக்கவும் இல்லையே.”

“அப்ப சம்மதிங்க.”

“இப்ப எப்படி சார்? நீங்கதான் ஏற்கெனவே மாறிட்டீங்களே. மாறாதவங்களுக்குத்தான் மாறச் சம்மதம் தர முடியும்.”

இதுதான் கடிகாரத்தில் இல்லாமற்போன அந்தப் பல். ஆறு வாரத்துக்குப் பின் நகராட்சி ‘இல்லை’ என்று சொல்ல முடியாது. ஆனால் ‘சரி’ என்று சொல்லும்வரை யாரும் நகரவும் கூடாது. சரி என்று எப்போது சொல்ல வேண்டும் என்பதைச் சட்டம் எங்கேயும் எழுதிவைக்கவில்லை. நகராட்சிக்கு வாயைத் திறக்காமல் இருப்பதற்கு உலகத்தில் உள்ள நேரமெல்லாம் இருந்தது.

க்ளெனிஸ் மெதுவாகக் கேட்டாள். “சரி கண்ணு. நாங்க பழையபடி மாறிக்கிறோம். நான் மேல போறேன், அவர் கீழ வரட்டும். அப்புறம் சம்மதம் தருவீங்களா?”

அதைச் சொல்வதற்கு அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது நாரிஸுக்குத் தெரிந்தது. அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யார்ட்லி கணினியில் தேடினார். முகம் வாடியது. திரும்பிப் போவதும் ஒரு வீடு மாற்றம்தான் என்றார். அதற்கும் விண்ணப்பிக்க வேண்டும். ஆறு வாரம் ஆகலாம். அதுவரை இங்கே இருக்கவும் கூடாது.

“அங்கயும் போகக்கூடாது, இங்கயும் இருக்கக்கூடாது” என்றார் நாரிஸ். “அப்ப எங்கதான் இருக்கச் சொல்றீங்க?”

“உங்க கவலை எங்களுக்குப் புரியுது சார். நாங்க உங்ககூடவே பயணம் பண்றோம்.”

அடுத்த வாரம் உறைவிட உறுதிப் பிரிவிலிருந்து ஒரு ஆணும் ஒரு பெண்ணும் வந்தார்கள். ஒருவர் எந்த வீட்டில் உண்மையாகக் குடியிருக்கிறார் என்பதைக் கண்டறிவது அவர்கள் வேலை. அதற்கு அவர்களிடம் தேர்ந்த முறை ஒன்று இருந்தது. மனிதர்கள் பொய் சொல்வார்கள், பல் துலக்கும் பிரஷ் பொய் சொல்லாது. குளியலறைக்குள் போய் பிரஷ்ஷின் ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்கள். கெட்டிலின் சூட்டைப் புறங்கையால் சோதித்தார்கள். இரண்டாம் எண்ணில் க்ளெனிஸின் பிரஷ் ஈரமாக இருந்தது. பதினாறாம் எண்ணில் நாரிஸின் பிரஷ் ஈரமாக இருந்தது. முடிவு எழுதினார்கள்: பதினாறாம் எண்ணின் வாடகைதாரர் பதினாறில் இல்லை; இரண்டாம் எண்ணின் வாடகைதாரர் இரண்டில் இல்லை; ஆகவே இரண்டு வீடுகளும் கைவிடப்பட்டுக் காலியாக இருக்கின்றன. இதை எழுதும்போது அந்தப் பெண் க்ளெனிஸின் சோபாவில் உட்கார்ந்து, க்ளெனிஸ் போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

“காலி வீட்ல டீ எப்படி இருக்கு கண்ணு?” என்று க்ளெனிஸ் கேட்டாள்.

“நல்லா இருக்குங்க” என்றாள் அவள். பாவம், அவளும் என்ன செய்வாள்.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. அது ஒரு சின்ன அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஜன்னலோரம் வாடிய செடி. நீதிபதி ஹெதரிங்டன் என்ற அம்மையார், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவர். அன்று காலையிலிருந்து இதுபோல எட்டுப் பத்து வெளியேற்ற வழக்குகளை முடித்திருந்தார். எல்லாவற்றிலும் நகராட்சிதான் ஜெயித்திருந்தது. வெளியே காத்திருக்கும்போது அந்தக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியே வருவதை க்ளெனிஸ் பார்த்தாள். இந்த வயதில் எங்கே போவது என்று அப்போதுதான் முதல்முறையாக அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது. பையின் பிடியை இறுக்கிக்கொண்டாள்.

நகராட்சி தரப்பில் யார்ட்லியே பேசினார். உற்சாகமாகவே தொடங்கினார். பயணத் துணைவர்களின் குரலுக்குச் செவிசாய்ப்பது இல்லப் பயணங்களின் உயிர்மூச்சு என்றார்.

நீதிபதி கையை உயர்த்தினார். “மிஸ்டர் யார்ட்லி. இவங்க விண்ணப்பம் போட்டாங்க. நீங்க மறுத்தீங்களா?”

“இல்ல மேடம்.”

“சம்மதிச்சீங்களா?”

“இல்ல மேடம்.”

“பின்ன என்னதான் பண்ணீங்க?”

“கூடவே பயணம் பண்ணோம் மேடம்.”

நீதிபதி எதையோ குறித்துக்கொண்டார். ஏன் முடிவு எடுக்கப்படவில்லை என்று கேட்டார். யார்ட்லி அதற்காகவே காத்திருந்தவர் போல மகிழ்ச்சியாக விளக்கினார். துறை எவ்வளவு கவனமாக வேலை செய்கிறது என்பதைக் காட்ட நல்ல வாய்ப்பு என்று நினைத்தார்.

“மறுப்புக் குழுன்னு ஒண்ணு இருக்கு மேடம். ஆறு பேர். ரொம்ப அனுபவசாலிங்க. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் எடுத்து, மறுக்கக் காரணம் இருக்கான்னு தேடுவாங்க. இதுலயும் விடாம தேடினாங்க. ஒண்ணும் கெடைக்கல. காரணம் கெடைக்கலைன்னா ஃபைல் சம்மத அலுவலருக்குப் போகணும்.”

“போச்சா?”

“அந்தப் பதவியைப் போன வருஷம் எடுத்துட்டோம் மேடம்.”

“ஏன்?”

“ஆய்வு பண்ணிப் பார்த்ததுல, அவர் வருஷம் பூரா சம்மதம் மட்டும்தான் குடுத்துட்டு இருந்தார்னு தெரிஞ்சுது. வேற ஒரு வேலையும் செய்யல.”

நாரிஸ் இருமினார்.

யார்ட்லிக்கு ஏதோ தவறிப்போனது போலத் தோன்றியது. சரிசெய்யப் பார்த்தார். திருமதி ஹாவொர்த்துக்கு இடம் மாறவேண்டிய அவசியமே இருக்கவில்லை என்று பார்த்தால் தெரிகிறது, இன்று நீதிமன்றத்துக்கு அவர் தன் சொந்தக் காலில் நடந்து வந்திருக்கிறார் என்றார்.

“எங்கேருந்து நடந்து வந்தாங்க?” என்று நீதிபதி கேட்டார். “எந்த மாடியிலேருந்து?”

“தரைத்தளத்துலேருந்து மேடம்.”

“நாலாவது மாடியிலேயே இருந்திருந்தா?”

“அங்க லிப்ட் இருக்கு மேடம். ஓடுது. சான்று இருக்கு.” யார்ட்லி கணினியை நீட்டினார். பச்சை விளக்கு தெரிந்தது.

“நல்லது. அந்த லிப்ட்ல எத்தனை பேர் ஏறலாம்?”

யார்ட்லி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். காது சிவந்தது. “சரக்கு நாலு கிலோ மேடம்.”

“பேர் எத்தனைன்னு கேட்டேன்.”

“பூஜ்ஜியம்.”

“வேற என்ன போட்டிருக்கு?”

“சிவப்பு நிறம். பிளாஸ்டிக்.” குரல் இறங்கிக்கொண்டே போனது. “கைப்பிடி உண்டு.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் சிரித்ததாகச் சொல்ல முடியாது, நீதிபதிகள் சிரிப்பதில்லை. ஆனால் வாடிய செடியைச் சற்றுநேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தீர்ப்பைச் சொன்னார். இருவரையும் வெளியேற்றுவது நியாயமில்லை. மறுக்கும் உரிமையை நகராட்சி காலாவதியாக விட்டுவிட்டது, ஆகவே சம்மதம் கொடுத்தாக வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள்.

“ஆனா மேடம், சம்மதிக்கிறதுக்கு எங்ககிட்ட ஆள் இல்லையே” என்றார் யார்ட்லி.

“யாரையாவது கத்துக்கச் சொல்லுங்க” என்றார் நீதிபதி.

வெள்ளிக்கிழமை சம்மதம் வந்தது. மறுப்புக் குழுவின் ஆறு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவர்களிடம் மறுப்புக் கடிதத்தின் மாதிரி மட்டும்தான் இருந்ததால் அதிலேயே எழுதியிருந்தார்கள்: ‘உங்கள் விண்ணப்பத்தை மறுக்க வேண்டும் என்ற எங்கள் யோசனையை வருத்தத்துடன் மறுக்கிறோம்.’

கடிதத்தை யார்ட்லி நேரில் கொண்டுவந்தார். இனி நீங்கள் சட்டப்படி வீடு மாறலாம் என்று க்ளெனிஸின் கையைக் குலுக்கினார். பிறகு தயங்கி நின்றார். சாவி மாற்றும் சடங்கு ஒன்று பாக்கியிருந்தது. பழைய வாடகைதாரர் தன் சாவியைப் புது வாடகைதாரருக்கு அலுவலர் முன்னிலையில் கொடுக்க வேண்டும். பதினாறாம் எண்ணின் சாவியை நாரிஸ் ஏற்கெனவே வைத்திருக்கிறார் என்றால் அது முறைப்படி வந்த சாவி ஆகாது. க்ளெனிஸிடம் திரும்பி வந்து, அவள் கையிலிருந்து போனால்தான் செல்லும். அதற்கு அவள் மேலே போக முடியுமா என்று கேட்கும்போது யார்ட்லியின் பார்வை தரையில் இருந்தது. நீதிமன்றத்துக்கு அப்புறம் அவர் படிகளைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

க்ளெனிஸ் ஜன்னலைத் திறந்து மேலே பார்த்துக் கூப்பிட்டாள். “நாரிஸ், சாவியைப் போட்டு இறக்கு.”

சிவப்பு வாளி ஆடிக்கொண்டே இறங்கியது. அவள் சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். பத்தொன்பது வருஷம் அவளுடைய சாவி அது. மேலே அந்த ஜன்னலில் உட்கார்ந்திருந்த நாட்கள் ஒரு கணம் நினைவுக்கு வந்து போயின. பிறகு அதைத் திரும்ப வாளியில் போட்டு, தன்னிடமிருந்த இரண்டாம் எண்ணின் சாவியையும் கூடவே போட்டாள். வாளி மேலே போனது. நாரிஸ் பதினாறின் சாவியை எடுத்துக்கொண்டு, தன் பழைய சாவியை முறைப்படி பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடி இறக்கினார். யார்ட்லி முதலில் தயங்கி, பிறகு கணினியைத் திருப்பிப் பார்த்தார். வாளி சான்று பெற்ற லிப்ட்தான். முகம் தெளிந்தது. சாவிகள் லிப்ட்டின் வழியே பரிமாறப்பட்டன என்று பதிவு செய்தார்.

க்ளெனிஸ் மரப்பந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைப் பூட்டினாள். அன்று பூங்காவில் பக்கத்து ஊரோடு போட்டி. யார்ட்லி பின்னாலேயே தெருவரை வந்தார். கடைசியாக ஒன்று என்றார். இந்த வெற்றிகரமான இல்லப் பயணத்தைப் பற்றி அவள் கருத்தைச் சொல்லும் படிவம். நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான். துறைக்கு இந்தப் பதில் மிகவும் முக்கியம்.

“வாளியில போட்டு வைங்க கண்ணு” என்றாள் க்ளெனிஸ், நடந்துகொண்டே. “ஆறு வாரத்துல பதில் வரலைன்னா, சம்மதம்னு மட்டும் எடுத்துக்காதீங்க.”